பதினொன்றாம் நம்பர் ஆட்டக்காரர்

அத்தியாயம் 9

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கே முதலாளி சத்தியசீலன் காஞ்சனாவைத் தன் மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஏழு பேர் வேலை செய்தார்கள். கைப்பேசியில் விளையாடும் சின்னச் சின்னப் புதிர் விளையாட்டுகளைச் செய்வதுதான் தொழில். போன வாரம் சத்தியசீலன் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொல்லியிருந்தார். முதல் இரண்டு விளையாட்டுகளை யாரும் சீந்தவில்லை. இந்த மூன்றாவதும் படுத்துவிட்டால் மாதக் கடைசியில் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

மூன்றாவதின் பெயர் 'கெடாய் கெமாஸ்', மலாயில் ஒழுங்கான கடை. திரையில் ஒரு மளிகைக் கடை அலமாரி தெரியும். பால் டின், சார்டின் டின், ஊறுகாய்ப் போத்தல், பிஸ்கட் பெட்டி எல்லாம் தட்டுகளில் கலைந்து கிடக்கும். ஒரே மாதிரியான மூன்றை ஒரு தட்டில் சேர்த்தால் மூன்றும் மறைந்துவிடும். அலமாரி காலியானால் அந்த லெவல் முடிந்தது. எந்தச் சாமான் எந்தத் தட்டில், எதற்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும் என்று அமைப்பது காஞ்சனாவின் வேலை.

இதுவரை கைப்பேசியில் எதுவுமே விளையாடாத இருபது பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் சத்தியசீலன். வீட்டு ஆட்கள் மட்டும் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். செமிலிங் பக்கம் தோட்டத்திலிருந்து வரும் காஞ்சனாவின் பங்கு ஐந்து பேர். நான்கு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவது ஆள் அமையாததால் தன் அம்மா பிரேமாவதியின் கைப்பேசியிலேயே ஏற்றிவிட்டாள். சிறுநீரகம் கெட்டுப்போன அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் கழுவுகிற நான்கு மணி நேரமும் வெளியே சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், பொழுது போகட்டும் என்று நினைத்தாள்.

அது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

"இதப் பாரு," என்று சத்தியசீலன் திரையை அவள் பக்கம் திருப்பினார். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும் இருந்தன. "பத்தொம்போது பேரு மூணு நாளைக்குள்ள அழிச்சிட்டாங்க. பதினொன்னாம் நம்பர மட்டும் பாரு. முதல் நாளு ரெண்டு மணி நேரம். அப்புறம் அஞ்சு. நேத்து ஏழரை மணி நேரம்லா."

காஞ்சனா பார்த்தாள்.

"விளம்பரத்தக்கூட முழுசா உக்காந்து பாக்குறாங்க. இருபத்தேழாம் லெவல்ல நாலு நாளா மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நானூறு தடவைக்கு மேல ஆடியிருக்காங்க. வேற யாரா இருந்தாலும் விட்டுட்டுப் போயிருப்பாங்க. இது உங்க ஏரியா ஆளுதானே?"

"ஆமா பாஸ்."

"போயி பேசு. அவங்களுக்கு இதுல என்னா புடிச்சிருக்கு? கலரா, சத்தமா, என்னான்னு கேளு. அது தெரிஞ்சா அதே மாதிரி இன்னும் ஆயிரம் பேர எங்க தேடுறதுன்னு தெரிஞ்சிரும். அஞ்சு மணிக்குள்ள ஒரு பக்கம் எழுதி அனுப்பு. நாளைக்கி பினாங்குலேர்ந்து பணம் போடுற ஆளு வராங்க. அவங்களுக்குக் காட்ட என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

பதினொன்றாம் எண் யார் என்பது பட்டியலைப் பார்க்காமலே காஞ்சனாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. அரை நாள் விடுப்பு கேட்டுக்கொண்டு வீட்டுக்குக் காரை எடுத்தாள். அன்று அப்பாவின் சிகிச்சை நாள்.

*

அப்பா நடராஜாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டியவர். போன தீபாவளிக்கு முந்தின வாரம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக் காரின் முன்சீட்டில் உட்காரவைக்க அம்மாவும் மகளும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. முன்பு அவரைத் தூக்க முடியாது. இப்போது அவ்வளவு கனமில்லை.

பிரேமாவதி பின்சீட்டில் ஏறியதும் கைப்பேசியை எடுத்துவிட்டார். டின்கள் ஒன்றோடொன்று சேரும் சத்தம் கேட்டது. நடுநடுவே ஒரு பெண்குரல் 'பாகுஸ்' என்று மலாயில் பாராட்டியது.

"ரோட்டுல குழிய மூடிட்டாங்க போல," என்றார் நடராஜா.

"ஆமாப்பா, போன வாரம்."

கொஞ்ச தூரம் போனதும் அவர் தலையைத் திருப்பாமலே, "பிரேமா," என்றார்.

"ம்."

பின்னால் டின்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. அவர் காத்திருந்தார். பிறகு, "ஒண்ணுமில்ல," என்றார்.

காஞ்சனா அதைக் கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மனதில் ஐந்து மணிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

*

பீடோங்கில் இருந்த அந்தச் சிகிச்சை மையத்தின் வெளிக்கூடத்தில் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே போனவர்களுக்காகக் காத்திருக்கும் மனைவிகள், மகன்கள், பேசாத தகப்பன்கள். பாதிப் பேர் தலை குனிந்து கைப்பேசியில் இருந்தார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள்.

காஞ்சனா முதலில் ஹபீஸாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செமிலிங்கில் காலையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்கிறவர். கணவர் ஜைனலுக்கும் இங்கேதான் ரத்தம் கழுவுகிறது. விளையாட்டை வாங்கிக்கொண்ட நான்கு பேரில் அவரும் ஒருவர்.

"அக்கா, நான் குடுத்தேனே, அத ஏன் அழிச்சிட்டீங்க?"

"கோவிச்சுக்காதம்மா," என்றார் ஹபீஸா. "மொத நாளு நல்லாத்தான் இருந்துச்சு. கலர் கலரா, புள்ளைங்க சாமான் மாதிரி. மறுநாளு தோத்தேன். எனக்கு ஆத்திரமாப் போச்சு. கடையில நெசமாவே அடுக்க வேண்டியது அவ்வளவு கெடக்கு, இதுல வேற எதுக்கு அடுக்கணும்? அழிச்சிட்டேன். உங்கம்மாவப் பாரு, எவ்வளவு பொறுமை. தலைய நிமிர்றதே இல்ல. நான் பேசினாக்கூட ம்முன்னுதான் சொல்லுவாங்க."

காஞ்சனா அம்மாவிடம் போனாள். பிரேமாவதி மூலை நாற்காலியில், சுவரில் தோள் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் வேகமாகப் போய் வந்தது. பதினெட்டு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் நின்ற கை. அப்பாவின் இரண்டாவது அறுவைச் சிகிச்சையின்போது வேலையை விட்டவர்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். வேலைக்காகத்தான். இந்த கேம் உங்களுக்கு ஏன் புடிச்சிருக்கு?"

"புடிச்சிருக்குன்னு யாரு சொன்னா?"

"நேத்து ஏழரை மணி நேரம் ஆடியிருக்கீங்க."

பிரேமாவதியின் விரல் ஒரு கணம் நின்றது. "அதெல்லாமா எண்ணுவீங்க?"

"எண்ணுவோம்மா."

 ஒரு தட்டு காலியானது. பிறகு சொன்னார்.

"வச்சது வச்ச எடத்துல இருக்கு. அது ஒண்ணு. தப்பாப் போயிட்டா மறுபடி முன்ன இருந்த மாதிரியே அடுக்கிக் குடுத்துருது. நீ ஏன் இப்படிப் பண்ணுனேன்னு கேக்குறதில்ல. எதையாச்சும் சரியா வச்சா பாகுஸ்ங்குது. ஃபேக்டரில ஒரு சூப்பர்வைசரும் என்னை அப்படிச் சொன்னதில்ல."

காஞ்சனா வேகமாகக் குறித்துக்கொண்டாள். சத்தியசீலன் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. மனம் லேசாகிற மாதிரி இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து நர்ஸ் மிஸ்ஸி எட்டிப் பார்த்தார். "நடராஜா ஃபேமிலி? மக இருக்காங்களா? அப்பா கூப்பிடுறாரு. மக மட்டும் வரட்டுமாம்."

*

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நடராஜாவின் கழுத்தில் போட்ட குழாயிலிருந்து ரத்தம் வெளியே போய், சுற்றி, திரும்பி வந்தது. கையில் ஊசி போட இரண்டு முறை இடம் செய்து இரண்டும் அடைத்துப் போனபிறகு போட்ட குழாய் அது.

"ஒக்காரு," என்றார். "வியாழக்கிழமைலேர்ந்து நான் வரலம்மா."

"ஏம்பா? வேற சென்டருக்கு மாத்தணுமா?"

"எங்கயும் இல்ல. போதும்."

காஞ்சனாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"ஆஸ்பத்திரி டாக்டரு இந்தக் காலையும் எடுக்கணும்னுட்டாரு. கழுத்துக் குழாயும் அடைச்சுக்கிட்டா அதுக்கப்புறம் போட எடமில்லன்னாரு. எடுத்தா நல்லாயிருமான்னு கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதுன்னாரு. நல்ல மனுசன், பொய் சொல்லல. நிறுத்தினா என்னாகும்னு கேட்டேன். பத்து நாளு, இல்லாட்டி ரெண்டு வாரம். மூச்சு முட்டாம இருக்க மருந்து தருவாங்களாம்."

"அப்பா."

"நாலு வருசம் வந்துட்டேன். நானா வந்தேனான்னு கேட்டா, உங்க ரெண்டு பேருக்காகத்தான் வந்தேன். இனிமே முடியல."

குரல் உயரவில்லை. லாரியில் எந்தப் பாதையில் போகலாம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் ஜைனல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தூங்கவில்லை என்று தெரிந்தது.

"அம்மாகிட்ட எப்படிப்பா சொல்றது?" என்றாள் காஞ்சனா.

"பன்னெண்டு நாளைக்கு முன்னயே சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"டாக்டரப் பாத்துட்டு வந்த அன்னைக்கே சொன்னேன். கேட்டுக்கிட்டா, ஒண்ணும் பேசல. மறுநாளு பேசலாம்னு கூப்பிட்டேன், போன எடுத்துக்கிட்டா. அதுலேர்ந்து அப்படித்தான். நான் வாயத் தொறந்தா டின்ன அடுக்க ஆரம்பிச்சிடுறா. அந்தப் பொம்பள வேற பாகுஸ் பாகுஸ்ங்குறா. அதுக்கு மேல நான் என்னான்னு பேசுறது?"

காஞ்சனா போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம். ஐந்து. ஏழரை. திரையில் ஏறிக்கொண்டே போன கோடு இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

"அவ ஒரு வார்த்த பேசணும்," என்றார் நடராஜா. "திட்டினாலும் பரவால்ல. பேசாம என்னை அனுப்பிட்டா அப்புறம் அவளுக்குத்தான் கஷ்டம். நீ குடுத்ததுதானே அது? கொஞ்சம் வாங்கி வையி."

*

வெளியே வந்தபோது பிரேமாவதி தலை நிமிராமலே கேட்டார். "சொல்லிட்டாரா?"

"சொன்னாரு."

"ம்."

காஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் இருபத்தேழாம் லெவல். எல்லாத் தட்டுகளும் காலியாகி, நடுத்தட்டில் இரண்டு சார்டின் டின்கள் மட்டும் நின்றன. மூன்றாவது இல்லை. நேரம் முடிந்து, 'ஒன்றே ஒன்றுதான் பாக்கி' என்று எழுத்து வந்தது. உடனே ஒரு சோப்பு விளம்பரம். பிரேமாவதி அதையும் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். அந்த ஒரு டின்னு மட்டும் கெடைக்க மாட்டேங்குது. நான்தான் ஆரம்பத்துலயே எங்கயோ தப்பு பண்றேன்."

"நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா."

"அப்புறம் ஏன் வரல?"

 "அது அப்படித்தான். நான்தான் அப்படிச் செஞ்சேன். முடிஞ்சிரும்போல இருக்கணும், ஆனா முடியக் கூடாது. அப்பத்தான் இன்னொரு தடவ ஆடுவாங்க. காசு கட்டினா மூணாவது டின்னு வரும். கட்டாட்டி எத்தன தடவ ஆடினாலும் வராது."

விளம்பரம் முடிந்தது. அலமாரி மறுபடி நிறைந்து, ஒழுங்கு கலைந்து, தயாராக நின்றது. பிரேமாவதி மகளைப் பார்த்தார். பன்னிரண்டு நாளில் அவர் நேராக முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று காஞ்சனாவுக்குத் தோன்றியது. கண்கள் சிவந்திருந்தன.

"முடியாதுன்னு தெரிஞ்சா யாரும் ஆட மாட்டாங்க," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடி குனிந்து, மேல்தட்டிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்துக் கீழே வைத்தார்.

கைப்பேசியை வாங்கிவைக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். காஞ்சனா கையை நீட்டவில்லை. மூன்று மணி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். அம்மா சொன்னதையெல்லாம் முதலில் வரிசையாக எழுதினாள். வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. தப்பு நடந்த சுவடே இல்லாமல் மறுபடி தொடங்கலாம். யாரும் கேள்வி கேட்பதில்லை. சின்ன விஷயத்துக்கும் பாராட்டு உண்டு. ஒரு லெவல் முடிய மூன்று நிமிடம்தான், எந்த வேலைக்கு நடுவிலும் ஆடலாம்.

படித்துப் பார்த்தாள். எதுவும் பொய்யில்லை. ஆனால் ஹபீஸா அக்காவுக்கும் இதெல்லாம் கிடைத்தது. அவர் மறுநாளே அழித்துவிட்டார்.

கடைசியில் இன்னும் மூன்று வரி சேர்த்தாள்.

'இந்த ஆட்டக்காரரின் கணவர் சிகிச்சையை நிறுத்தப்போகிறார். அவர் அதைப் பற்றிப் பேச வரும்போது இவருக்குக் கண்ணை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நம் விளையாட்டு நன்றாக இருப்பதால் இவர் விளையாடவில்லை.'

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். அனுப்பும்போது, சத்தியசீலன் இதைப் படித்து வெட்கப்படட்டும் என்றுதான் நினைத்தாள்.

பத்து நிமிடத்தில் அவர் கூப்பிட்டார்.

"படிச்சேன். பாவம்லா அந்தம்மா."  உண்மையாகவே வருத்தப்பட்டார், குரலில் தெரிந்தது. "ஆனா காஞ்சனா, இதாம்மா பதில். நாம இத்தன நாளா புதிர் ஆசை உள்ளவங்களத் தேடிக்கிட்டு இருந்தோம். தேட வேண்டியது இவங்களத்தான். கிளினிக்ல காத்திருக்கிறவங்க, ஆஸ்பத்திரில ஒக்காந்திருக்கிறவங்க, வேல போயி வீட்டுல இருக்கிறவங்க. அந்த மாதிரி எடத்துல நம்ம விளம்பரம் போகணும்."

காஞ்சனா மடிக்கணினியை மூடினாள்.

"அப்புறம் அந்த இருபத்தேழக் கொஞ்சம் இளக்கி விடு. அவங்க வெறுத்துப் போயி விட்டுறக் கூடாது. மொத்தம் நாப்பது லெவல்தானே இருக்கு? அடுத்த வாரத்துக்குள்ள இன்னும் அறுவது போடணும்."

"பாஸ், அது எங்கம்மா."

 அந்தப் பக்கம், அலுவலகத்துக்குக் கீழே டயர்க் கடையில் இரும்பு தட்டும் ஓசை மட்டும் வந்தது.

"எனக்குத் தெரியாதுலா," என்றார் கடைசியில். "அப்பாவா அது? நீ நாளைக்கி வர வேணாம். லீவு எடுத்துக்க." வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. "காஞ்சனா. கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு. அந்த ரிப்போர்ட்ட நாளைக்கி நான் காட்டலாமா? பேரு ஒண்ணும் வராது."

ஏழு பேர் வேலை. அதில் ஒன்று அவளுடையது. இந்த வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள்.

"காட்டுங்க," என்றாள்.

*

ஆறு மணிக்கு வெயில் தணிந்தது. நடராஜா வாசல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தார். ரத்தம் கழுவிய நாட்களில் எப்போதும் இருக்கிற சோர்வு. பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரேமாவதி உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். கையில் கைப்பேசி இருந்தது. அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார்.

 நடராஜா மனைவியின் கையைப் பார்த்தார், வெளியே பார்த்தார்.

"உனக்குக் கோவமா?" என்றார்.

"கோவந்தான்."

"ம்."

"நான் சரின்னு சொல்ல மாட்டேன்," என்றார் பிரேமாவதி. "சொன்னா நானே அனுப்பி வச்ச மாதிரி ஆயிரும். அத நான் செய்ய மாட்டேன்."

"சென்டருக்கு வாங்கன்னு இன்னொரு தடவ கூப்பிடுவியா?"

பிரேமாவதி அவர் முகத்தைப் பார்த்தார். "உங்க மூஞ்சப் பாத்தா கூப்பிட முடியல. அதான் பாக்காம இருந்தேன்."

உள்ளே கதவோரம் நின்று காஞ்சனா கேட்டுக்கொண்டிருந்தாள். அறிக்கையில் அவள் எழுதிய மூன்று வரியை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

யாரும் அழவில்லை. பிரேமாவதி கேட்டார்.

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

நடராஜா யோசித்தார். "ஒரு தே," என்றார். "பெரிய கோப்பையில. முழுசா."

நான்கு வருடமாக அவர் குடிக்கிற தண்ணீரைப் பிரேமாவதிதான் அளந்து கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல். மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான், சாப்பாட்டுக் குழம்பும் அந்தக் கணக்கில்தான். இன்னும் ஒரு மடக்கு என்று அவர் எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறார். ஒருமுறைகூட பிரேமாவதி கொடுத்ததில்லை.

பிரேமாவதி எழுந்து உள்ளே போனார். காஞ்சனா தடுக்க வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தேயிலை போட்ட தண்ணீர் கொதித்தது. பால் டின்னைத் திறந்து இரண்டு கரண்டி ஊற்றி, வெகுநேரம் கலக்கினார். கோப்பையின் விளிம்பு வரை நிரப்பி, சிந்தாமல் மெதுவாக நடந்து கொண்டுபோய்க் கொடுத்தார்.

நடராஜா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் முதல் வாய் குடிக்கும்போது பிரேமாவதியின் கைப்பேசி சிணுங்கியது. சிகிச்சை மையத்தின் வேன் ஓட்டுகிற பரஞ்சோதி. காஞ்சனாவால் வர முடியாத நாட்களில் அவர்தான் கூட்டிப்போகிறவர். குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"அக்கா, வியாழக்கெழம லிஸ்ட் போடுறேன். அண்ணனுக்கு எப்பவும் போல பத்து மணிக்கு வந்துறவா? ஒரு மெசேஜ் போட்டுருங்க லா."

மூன்று பேருமே அதைக் கேட்டார்கள்.

பிரேமாவதி கைப்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். காஞ்சனா நின்ற இடத்திலிருந்து திரை தெரியவில்லை. அனுப்பிவிட்டு எழுந்து, கைப்பேசியை உள்ளே கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார்.

"என்ன போட்ட?" என்று கேட்டார் நடராஜா.

பிரேமாவதி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"குடிங்க," என்றார். "ஆறிடப் போவுது."